சாவியை எடுத்த பிறகும்

டர்போவைச் சோதிப்பதாக இருந்தால் காலையில், என்ஜின் சூடேறும் முன் சோதித்துவிட வேண்டும், ஐயா. சூட்டோடு கை வைத்தால் தோல் உரிந்து வந்துவிடும். இது தெரியாமல் ஓடின வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இப்போதே பார் என்று உயிரை வாங்குகிறவர்கள் உண்டு. டில்லிபாபு அப்படியில்லை. முதல் நாளே வண்டியை என் பட்டறையில் விட்டுவிட்டுப் போனான். சொன்ன பேச்சைக் கேட்கிற பையன். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

வடக்குப்பட்டுத் திருப்பத்தில் என் பட்டறை. நடேசன் மெக்கானிக் என்றால் ஒரகடம் பக்கம் எந்த டிரைவரும் வழி சொல்வான். கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போகும் வண்டிகள்தான் என் பிழைப்பு. டில்லிபாபு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஆள் ஏற்றுகிறவன். அவன் வண்டியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான் என் மகள் மதிவதனி. இருவருக்கும் பிடித்துப்போயிற்று. முறையாகப் பெண் கேட்டு வந்தார்கள், நானும் தட்டு மாற்றிக்கொண்டேன். பக்கத்திலேயே இருப்பாள் என்று நினைத்துத்தான் மாற்றினேன்.

அப்புறம்தான் ஓசூர் பேச்சு வந்தது. அங்கே ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை, மதிவதனிக்கும் அதே கம்பெனியில் லைனில் இடம். "நீயும் வந்துடுப்பா" என்றாள். பட்டறையை எங்கே தூக்கிக்கொண்டு போவேன்? என் சம்சாரம் கனகம் போய்ச் சேர்ந்த பிறகு என் வீடு வீடாக இருப்பதே இந்தப் பெண்ணால்தான். நான் சாப்பிட்டேனா என்று கேட்க உலகத்தில் அவள் ஒருத்திதான் உண்டு. ஆனாலும் வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவன் அந்த இடத்தில் என்ன செய்துவிட முடியும்?

ஓசூரில் வீடு பார்க்கப் போக வேண்டும், அதற்கு முன் வண்டியைப் பார்த்துக் கொடுங்கள் மாமா என்று வந்தான். இழுவை இல்லை, மிதித்தால் உஸ்ஸென்று சத்தம் வருகிறது என்றான்.

என் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். காற்றுக் குழாயைக் கழற்றியதும், என்ஜினுக்குள் காற்றைத் தள்ளச் சுற்றுகிற டர்போ தண்டை வண்டிக்காரனையே விரல் விட்டு அசைத்துப் பார்க்கச் சொல்வேன். பிறகு எவனும் என்னை ஏமாற்றுக்காரன் என்று சொல்லக் கூடாது பாருங்கள். பக்கவாட்டில் இம்மி ஆடினால் பரவாயில்லை. முன்னும் பின்னும் இழுபட்டால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், மாற்றித்தான் ஆக வேண்டும். டில்லிபாபுவும் விரலை விட்டான்.

"மாமா, இஸ்த்தா முன்னால வருதே. இது ஓகேவா?"

"டர்போன்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும் மாப்ள. ஒண்ணும் ஆவாது."

அவன் விரலைத் துடைத்துக்கொண்டான். விரலில் ஆயில் இருந்தது. அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சத்தம் வந்த இடத்தை முறைப்படி தேடினேன். குழாயின் வாயை அடைத்து, கம்ப்ரசர் காற்றை உள்ளே விட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்தேன். ரப்பர் குழாயின் அடியில் நுரை பொங்கியது. அங்கே வெடிப்பு. புதுக் குழாய் போட்டு, கிளிப்பை இறுக்கி, அவன் எதிரிலேயே மறுபடி தெளித்துக் காட்டினேன். ஒரு குமிழி வரவில்லை. அந்த வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

என்ன, அந்த வெடிப்பு வழியாகத்தான் டர்போ கசியவிட்ட ஆயில் அதுவரை ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அடைத்துவிட்டால் ஆயில் தேங்கித் தேங்கி ஒரு நாள் என்ஜினுக்குள் மொத்தமாகப் போகும். டீசல் என்ஜின் ஆயிலைக் குடித்தும் ஓடும். ஓட ஆரம்பித்தால் சாவியை எடுத்தாலும் நிற்காது, தானே வேகம் கூடிக் கூடிக் கடைசியில் உடைந்து சிதறும். தெரிந்தேதான் அடைத்தேன். வண்டி வழியில் படுத்துவிடும், ஓசூர் கொஞ்சம் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். அதற்குமேல் நான் நினைக்கவில்லை.

அப்படி ஓடுகிற வண்டியை நிறுத்த வழி இருக்கிறது. டாப் கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, கிளச்சைச் சட்டென்று விட்டால் என்ஜின் திணறி நின்றுவிடும். என்னிடம் வரும் டிரைவர்கள் அத்தனை பேருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். டில்லிபாபுவுக்குச் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

ஓசூருக்குக் கிளம்பிய அன்று, ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் எனக்குப் போன் அடித்தான். பின்னால் என்ஜின் ஓலமிடுவது எனக்கே கேட்டது.

"மாமா, வண்டிய ஓரங்கட்டிட்டேன். சாவிய எடுத்து கைல வச்சிகினு கீறேன், இன்ஜின் நிக்க மாட்டேங்குது. இன்னா பண்ணட்டும்?"

நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு குரல் வந்தது. "அப்பா, ஒரே பொகயா வருதுப்பா. பயமா கீதுப்பா." ஷிப்டு என்று என்னிடம் சொல்லிவிட்டு, லீவு போட்டு அவனோடு வீடு பார்க்கப் போயிருக்கிறாள் மதி. அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு போனில் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள். என்னால் முடிந்ததைச் சொன்னேன். "மதி, நீ கீழ எறங்கி ரோட்டத் தாண்டி தூரமா போயி நில்லு" என்றேன். அவள் போய்விட்டாளா என்று அவனிடம் கேட்டேன். போய்விட்டாள் என்றான். "நீ பானட்ட தொறந்து குனிஞ்சு பாரு மாப்ள. ஆயில் எங்கேந்து வருதுன்னு பாத்து சொல்லு."

"சரி மாமா" என்றான். போனைக் காதிலேயே வைத்திருந்தேன். சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

வெடித்து எரிந்த என்ஜினில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பழைய வண்டி என்று முடித்துவிட்டார்கள். அவன் சாவுக்கு நான்தான் முன்னால் நின்றேன். நான் அழுததும் பொய்யில்லை, ஐயா. நல்ல பையன்.

காரியம் முடிந்ததும் மதி என்னோடு வரவில்லை. மறைமலை நகரில் என் தங்கை கங்கம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரே ஒரு முறை பட்டறைக்கு வந்தாள், உள்ளே வராமல் வெயிலிலேயே நின்றாள்.

"என்ன தூரம் போவச் சொன்னியே, அவர மட்டும் ஏம்பா கிட்ட போவச் சொன்னே?"

பெற்ற மனசு அப்படித்தான் என்றேன். அவள் கேட்டது அதையில்லை என்று எனக்குத் தெரியும். போய்விட்டாள். அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை. அவளே உங்களிடம் வந்து சொல்லிவிடுவாள் என்று பட்டது. வயதுப் பெண் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறக் கூடாது, அதனால் நானே வந்துவிட்டேன்.

டில்லிபாபுவைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். ஓசூர் பேச்சுதான் இல்லை என்று ஆகிவிட்டதே, இனி அவள் வீட்டுக்கு வருவதற்கு என்ன.