கோச் வருவதற்கு முன்

எண்பதுகளின் தொடக்கம். லண்டன் சவுத்தாலில் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள். பச்சைக் கோட்டுக்காரி சொன்ன ஒன்றில் என் காது அங்கே போய்விட்டது.

"வீட்டுக்கு முன்னால இருக்கிற பள்ளிக்கூடத்து மணி எங்கட குசினிக்குக் கேக்குது. ஆனா என்ர பிள்ளை கவுன்சில் விடுற கோச் பஸ்ஸில ஒரு மணித்தியாலம் போய்த்தான் படிக்கவேணுமாம்."

"எங்களுக்கும் கவுன்சிலின்ர கடிதம் வந்தது அக்கா," என்றாள் இளையவள். "இஞ்சத்தைப் பள்ளிக்கூடத்தில ஆசியப் பிள்ளையள் கூடிப்போச்சாம். வெள்ளைப் பிள்ளையளோட கலந்து படிக்கட்டாம்."

"கலக்கிறதெண்டால் ரெண்டு பக்கமும் எல்லோ கலக்கவேணும்? ஒரு வெள்ளைப் பிள்ளையை இஞ்ச ஏத்திக்கொண்டு வந்தவையே?"

"கவுன்சில் சொன்னால் நாங்கள் என்ன செய்யிறது?"

"நாளைக்கு விஜயதசமி. ஏடு தொடக்கிறதை வீட்டில செய்யமாட்டன். அரிசித் தட்டை மணி கேக்கிற அந்தப் பள்ளிக்கூட வாசலில வைச்சு, பிள்ளையின்ர விரலைப் பிடிச்சு 'அ' எழுதுவிக்கப் போறன். பிறகு உள்ள கூட்டிக்கொண்டு போவன்."

"சேர்க்கமாட்டினம் அக்கா."

"சேர்க்கிற வரைக்கும் வாசலில நிப்பன். ஒவ்வொரு நாளும் நிப்பன்."

"மழை பெய்தால்?"

"குடை பிடிப்பன்."

பஸ் வந்தது. பச்சைக் கோட்டுக்காரி ஏறினாள். இளையவள் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"அக்கா, என்ரவளுக்கும் இன்னும் ஏடு தொடக்கேல்லை. எத்தினை மணிக்கு?"

"கோச் வரமுதல் வா. உன்ர தட்டையும் கொண்டு வா."