கெலி கைதூக்கின சட்டம்

ஜனார்த்தன்: ...பேச்சின்ர கடைசியில சொல்லுவன், "திமோதி கெலியும் என்னை மாதிரி ஓர் அகதிதான்!" சனம் கை தட்டும், அக்கா.

நிலாணி: ஆரடா உந்தக் கெலி?

ஜனார்த்தன்: நூற்றியெழுபது வருசத்துக்கு முந்தி அமெரிக்காவில, ஒஹாயோ சட்டசபை மெம்பர். அயர்லாந்துப் பஞ்சத்தில கப்பலேறி வந்தவர்.

நிலாணி: இங்க ரெக்ஸ்டேல் தொகுதியில வோட்டுக் கேக்கிற உனக்கு வேற ஆள் கிடைக்கேல்லையே?

ஜனார்த்தன்: கேளுங்கோவன்... முழங்கால் சேற்றில நிண்டு கால்வாய் வெட்டினவர். பிறகு சாராயக்கடை...

நிலாணி: அதுவும் பேச்சில வருமோ?

ஜனார்த்தன்: "சிறுவணிகம்" எண்டு போட்டிருக்கிறன்.

நிலாணி: கெட்டிக்காரன்!

ஜனார்த்தன்: சபைக்குப் போய் பாலம் கட்டினார், பள்ளிக்கூடம் கட்டினார். அவ்வளவுதான்.

நிலாணி: அவ்வளவோ? நீ கொண்டுவந்த அவற்ர சரித்திரப் புத்தகத்தை நான் முடிய வாசிச்சனான்.

ஜனார்த்தன்: ...முடியவோ?

நிலாணி: ஓம். அடுத்த கப்பல் வரேக்க, "ஊர் நிரம்பிட்டுது" எண்டு சனத்தை மறிக்கிற சட்டத்துக்குக் கைதூக்கினவர். அந்தக் கப்பலில அவற்ர தங்கச்சியும் வந்தவ. ஆத்துக்கு அங்கால, மறிச்ச சனத்தை விட்ட கொட்டிலில காய்ச்சலோட கிடந்து செத்தவ.

ஜனார்த்தன்: அது... அவருக்குத் தெரியாது, அக்கா.

நிலாணி: தெரிஞ்ச பிறகும் சட்டத்தை மாத்தேல்லை. அடுத்த எலெக்‌ஷனில அவற்ர ஆக்களே தோற்கடிச்சவை. பிறகு ஒருத்தரும் அவரைத் தேடேல்லை. நீதான் தேடிப் பிடிச்சிருக்கிறாய்.

ஜனார்த்தன்: நக்கல் போதும். நான் என்ன செய்தனான்?

நிலாணி: வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்துக்கு என்ன வாக்குக் குடுத்தனீ?

ஜனார்த்தன்: ...ஆர் சொன்னது?

நிலாணி: சொல்லு.

ஜனார்த்தன்: பழைய ஹோட்டலில அகதிகளை இருத்த விடமாட்டன் எண்டு... அக்கா, வோட்டு முழுக்க அங்கதான் கிடக்கு!

நிலாணி: உன்னட்டக் கெலி தோத்தார், போ!

ஜனார்த்தன்: நேற்று அவையின்ர கூட்டத்தில ஆரோ ஒரு மனிசி எழும்பி, அழுது குழறி, பாதிச் சனத்தை மாத்திப்போட்டாவாம். என்ர பிரசாரத்தில நிக்கிற றொபேட் சொன்னவன். எதிர்க்கட்சி அனுப்பின ஆளாத்தான் இருக்கும். ஆரெண்டு தெரிஞ்சால்...

நிலாணி: நான் அழேல்லையடா. நாங்கள் அகதியா வந்து இறங்கின குளிருக்க, சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடியில முன்பின் தெரியாத ஆக்கள் கதவு திறந்து விட்டதைச் சொன்னனான். உங்கட வேட்பாளர் அப்ப என்ர மடியில நித்திரை எண்டும் சொன்னனான்.