ஆற்றுக்கு அப்பால் இருந்த ஆஸ்பத்திரி

மன்ஹாட்டனில் வானுயர்ந்த கட்டடம் ஒன்றின் உச்சித் தளம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எனக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சுவர் ஓரமாக நின்ற அம்மாள் தன் மருமகனிடம் கொங்குத் தமிழில் கேட்டார்:

“மாப்பிள்ளை, அந்த ஆஸ்பத்திரி இங்கிருந்து தெரியுங்களா?”

ஆற்றுக்கு அப்பால் நியூ ஜெர்சி புகைமூட்டமாகக் கிடந்தது.

“தெரியாதுங்க அத்தை. நம்ம பிஸ்கட்டவே ஊரே ரொம்ப உள்ள தள்ளி இருக்கு.”

“பேரனைப் பாக்கன்னு வந்தேன். பொறந்த ஆஸ்பத்திரியிலயே போயிட்டானே, ஒரு நாள்கூட அவனை வீட்டுக்குக் கொண்டு வர முடியலையே.”

மருமகன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கலாம்.

“நாளைக்குக் கிளம்பறீங்க. ஊரை ஒண்ணுமே பாக்காம போகக் கூடாதுன்னுதான் டிரைவ் பண்ணிக் கூட்டிட்டு வந்தேன். கவிதாவையும் கூப்பிட்டேன். ரூம் கதவையே தொறக்கலைங்க.”

“பெத்தவ எனக்கும் தொறக்கலையே.”

“நீங்களும் போயிட்டா, அந்த வீட்டுல நான் என்னங்க அத்தை பண்ணுவேன்?”

அம்மாள் கண்ணாடியை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“ஆபீஸ் விட்டதும் நேரா வந்துருங்க. கதவுக்கு வெளிய உக்காந்துக்கங்க. நானும் அதைத்தான் பண்ணிட்டிருந்தேன். வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலைங்க மாப்பிள்ளை.”