மாடசாமியின் பிடி

"மலை மாதிரி ரெண்டு பேரு நிக்கிறானுக. நடுவுல ஆட்டுக்குட்டி போற மாதிரிப் போனானா?"

அப்புத்தளையில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்தவர்தான் இப்படி எரிந்து விழுந்தார். ஒரு வருஷம் ஊரில் இருந்துவிட்டுப் பூனாகலைத் தோட்டத்துக்குத் திரும்புகிறவர். அழைத்துப்போக வந்து கூடவே ஏறிய சிநேகிதர், சடுகுடுவில் ஹல்துமுல்லைக்காரர்களிடம் தோட்டத்து அணி மறுபடியும் தோற்ற கதையை அப்போதுதான் சொல்லியிருந்தார்.

"மாடசாமி பிடிச்சான் மச்சான். பிடிச்சிட்டு விட்டுட்டான்."

"கூட நின்னவன்?"

"அவன் குனியிறதுக்குள்ள ஆளு கோட்டத் தாண்டிட்டான்."

"பாடி வர்றவன மூச்சு விடுற வரைக்கும் அமுக்கி வைக்க வேணாமா? மாடசாமிக்கு இரும்புப் பிடியாச்சே!"

"இப்ப அப்படி இல்ல."

"அப்ப அவனத் தூக்கிட்டு அவன் தம்பிய நிப்பாட்டுங்க. ஒல்லியா இருந்தாலும் பிடிச்சா விடமாட்டான்."

சிநேகிதர் சன்னலுக்கு வெளியே ஓடும் தேயிலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி இல்ல மச்சான். போன மழையில காய்ச்சல். லயத்து வீட்டுல அண்ணன் மடியிலதான் கெடந்தான். மூச்சு இழுத்து இழுத்து அப்படியே அடங்கிருச்சு. இப்பல்லாம் பிடிபட்டவன் பாட்டு மெலிஞ்சு மூச்சுத் திணறுனா, மாடசாமி கையை எடுத்துர்றான்."

பண்டாரவளையில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கும்போதுதான் ஊரிலிருந்து வந்தவர் மறுபடி ஆட்டப் பேச்சை எடுத்தார்.

"அடுத்த ஆட்டம் எப்ப?"

"வர்ற ஞாயித்துக்கெழம."

"அவனே நிக்கட்டும். தோத்தா தோத்துட்டுப் போறோம்."