நீங்க முன்னாடி போங்க

வீடு வாடகைக்கு விடுவோரின் பாதுகாப்பு வரலாற்றில் இன்று பொன்னெழுத்துகளால் பொறிக்கவேண்டிய நாள். எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கம் வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தை, முதல் விதியிலிருந்து கடைசி விதிவரை, ஓர் எழுத்து பிசகாமல் கடைப்பிடித்த ஒரே உறுப்பினர் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் சார். கேட்டீர்கள், சொல்கிறேன்.

நான் சுபாவத்தில் எளிதாக ஏமாறுகிறவன். இருபத்தாறு வருஷமாக என் மனைவி சொல்வது இதைத்தான். போன வாரம் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போதும், பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்: "வீடு பாக்க வர்றவன் பல்லைக் காட்டினா போதும், நீங்க சாவியவே குடுத்துருவீங்க. நான் வர்றதுக்குள்ள எவன்கிட்டயும் ஏமாந்து நிக்காதீங்க."

நான் உடனே பிரசுரத்தை எடுத்து மனப்பாடம் செய்தேன். எழுதியவர் சங்கச் செயலாளர். தும்மினால்கூட 'அன்பார்ந்த உறுப்பினர்களே' என்று ஆரம்பித்துவிட்டுத் தும்முகிறவர். அவர் தமிழைக் கேளுங்கள்: 'இல்லத்தைப் பார்க்க விழையும் எவராயினும் அவரை முன்னே நடக்கவிட்டு, உரிமையாளர் வாசலருகே நிற்கக் கடவர். ஐயம் தோன்றின் வெளியேறிக் கதவைச் சாத்துக. சாத்தியபின் எக்காரணம் கொண்டும் திறவற்க. காவல்துறைக்கு உரைக்க.'

என் மாடி எட்டு மாதமாகக் காலி. முன்பு குடியிருந்த டிரம்ஸ் மாஸ்டர் வெளிச்சுவர் முழுக்க, ஜன்னலையும் சேர்த்து, பஞ்சுப்பலகையும் தகரமும் அடித்துவைத்தார். சத்தம் வெளியே போகாது. செல்போன் சிக்னலும் உள்ளே வராது. மூன்று அறைகள். மூன்றுக்கும் தாழ்ப்பாள் வெளியே. சேட்டை செய்யும் மாணவர்களுக்காகப் போட்டாராம்.

திங்கட்கிழமை காலை ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். வந்ததும் சிரித்தார். நல்ல பல்வரிசை. அப்போதே உஷாராகிவிட்டேன். "நீங்க முன்னாடி போங்க" என்றேன். மரியாதை என்று நினைத்துப் போனார். முதல் அறையின் நடுவில் நின்று, "இங்க கத்தினா கீழ கேக்குமா சார்?" என்றார். வீட்டில் ட்யூஷன் எடுப்பாராம், அதற்காகக் கேட்டாராம். இந்த விளக்கத்தைத் தாழ்ப்பாள் விழுந்த பிறகுதான் சொன்னார். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

புதன்கிழமை செயலாளரே வந்தார். தன் விதிகள் நடைமுறையில் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க ஆசையாம்; மாடியைக் காட்டச் சொன்னார். வாத்தியார் தட்டிக் களைத்துத் தூங்கும் நேரம் வரை கீழே பேச்சுக்கொடுத்து உட்காரவைத்துவிட்டு, மேலே அழைத்துப் போனேன். 'எவராயினும்' என்று எழுதியவர் அவர்தானே. இரண்டாவது அறை.

"யோவ், அது மத்தவங்களுக்காக எழுதினதுய்யா" என்றார் உள்ளேயிருந்து. சங்க விதியைப் பற்றி அவர் சுருக்கமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

அப்புறம் மாத்திரை கேட்டார். இதயத்துக்கானது, ஸ்கூட்டர் பெட்டியில் இருக்கிறதாம். கதவுக்கடியில் தினமும் ரொட்டித் துண்டு தள்ளுகிறேன். அந்த வழியில் மாத்திரையும் போகும்தான். ஆனால் நான் டாக்டர் இல்லையே. ஒருத்தர் வாய்வார்த்தையை நம்பி மருந்து கொடுப்பது பாதுகாப்பான காரியமா, நீங்களே சொல்லுங்கள். நேற்று மத்தியானத்திலிருந்து அவர் பேச்சு நின்றுவிட்டது. சங்கமே சேர்ந்து ஐந்து வருஷம் முயன்றும் நடக்காத காரியம்.

இன்று, வாசலில் நிற்கும் அந்த ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டு நீங்கள் வந்தீர்கள். சீருடை இருந்தது, தொப்பி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வாயிலிருந்து வந்தது என்ன? "வீட்டைப் பாக்கணும்." உங்கள் பாஷையில் அதற்குச் சோதனை போடுவது என்று பொருளாம். என் பாஷையில் அதற்கு ஒரே பொருள்தான். "நீங்க முன்னாடி போங்க சார்" என்றேன். போனீர்கள், மூன்றாவது அறைக்குள்.

தோளால் இடிக்காதீர்கள், கனத்த கதவு, வலிக்கும். கடைசி விதி 'காவல்துறைக்கு உரைக்க' என்பது. அதைத்தான் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறேன். மூன்று பேரையும் பூட்டியது நான்தான். ஒளிக்க ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவி வருகிறாள். யாரிடமும் ஏமாறவில்லை என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். ஆனால் செருப்பைக் கழற்றும்போதே, "வீட்டுக்கு ஆள் அமைஞ்சுதா?" என்றுதான் கேட்பாள். அங்கேதான் இடிக்கிறது. மூன்று பேர் வந்தாயிற்று, ஐந்து நாள் ஆகிவிட்டது. வீடு பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஒருத்தர்கூட இன்னும் சொல்லவில்லை.