கொக்கியில் தொடங்கியவள்

மாதர் சங்கத் தலைவி செங்கமலவல்லி அம்மா அவர்களே, மகளைப் பறிகொடுத்த துக்கத்தோடு மேடையில் வந்து உட்கார்ந்திருக்கும் மேரி அம்மா அவர்களே, ஆரம்பாக்கத்துப் பெண்களே, இன்று கும்மிடிப்பூண்டிக் கம்பெனி வேலைக்குப் போகாமல் இங்கே நிற்கும் அண்ணன்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம். என் குரல் பின்வரிசைக்குக் கேட்காது. விக்டோரியாவின் குரலாக இருந்தால் கேட்டிருக்கும்.

எங்கள் தையல் ஆசிரியை விக்டோரியா அவர்கள் போன வாரம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ‘அவர்கள்’ என்று சொல்லும்படி தலைவி அம்மா சொன்னார்கள். ஆனால் எங்கள் இருவருக்கும் ஒரே வயது. இருவரும் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். சங்கத்துக் கட்டடத்தில் ஓர் அறையில் அவள் தையல் சொல்லிக்கொடுத்தாள், அடுத்த அறையில் நான். அதனால் அவள் என்றே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அவள்மேல் பொறாமை. இந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போதும் அதுதான் வருகிறது. ஒரு தையல் பெண்ணுக்கு இத்தனை பேரா? நான் போனால் இதில் பாதியாவது வருமா?

திங்கட்கிழமை முதல் இரண்டு அறையும் என் பொறுப்பு. விக்டோரியா இல்லாத வகுப்புக்கு வரமாட்டோம் என்று அவளிடம் படித்தவர்கள் சொல்கிறீர்கள். நீங்கள் வராவிட்டால், மெஷின்களைக் கொடுத்த திருவள்ளூர் அலுவலகத்துக்கே அவற்றைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்காகத்தான் கூச்சத்தை விட்டுவிட்டுப் பேச வந்தேன்.

என் தையல் கோடு போட்டதுபோல் நேராகப் போகும். அவள் தைத்த தோள்பட்டை ஒரு பக்கம் ஏறியிருக்கும். இது உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பிறகு ஏன் எல்லோரும் அவள் அறைக்கே போனீர்கள்?

எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையில்தான் நானும் சொல்லிக்கொடுத்தேன். முதலில் நூல் கோக்காமல் மெஷினை மிதிக்க வேண்டும். பிறகு காகிதத்தில் கோடு போட்டு அதன்மேல் ஓட்ட வேண்டும். பிறகு கந்தல் துணி. அப்புறம்தான் ஜாக்கெட். சரியான வரிசைதானே? ஆனால் வந்தவர்கள் காகிதத்தோடு நின்றுவிட்டார்கள். நடவு வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, நின்றுவிட்டார்கள். என் அண்ணி மணியம்மாளும் நின்றுவிட்டு, அடுத்த அறையில் போய் உட்கார்ந்தார். ஏன் என்று வீட்டில் கேட்டேன்.

“உன்னாண்ட வந்தா காகிதம் தெச்சிக்கினே கெழவி ஆயிடுவேன். அந்தப் பொண்ணு மொத நாளே ஜாக்கெட்ட கையில குடுத்துட்டா” என்றார்.

உண்மைதான். விக்டோரியா ஜாக்கெட்டை முழுவதும் தானே தைத்து, கொக்கியை மட்டும் வைக்காமல் விடுவாள். புதிதாக வந்தவர் கொக்கி வைத்தால் ஜாக்கெட் முடிந்தது. போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அடுத்த ஜாக்கெட்டில் கீழ் மடிப்பும் அவர் வேலை. அதற்கடுத்ததில் கையைச் சேர்ப்பதும். இப்படிக் கடைசியிலிருந்து முன்னால் வந்து, எல்லாவற்றுக்கும் பிறகுதான் துணி வெட்டுவது.

இது ஏமாற்று வேலை என்று அவளிடமே சொன்னேன். “முடிச்சிப் பாத்தவங்களுக்குத்தான் மறுபடியும் வரத் தோணும், பாமா” என்றாள். அவளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை?

விக்டோரியாவிடம் படித்த கங்கம்மா அக்கா முதன்முதலாகத் துணி வெட்டிய அன்று நான் அந்த அறை வாசலில் நின்றேன். மேரி அம்மாவின் பழைய சேலை அது. கை அளவுக்கு வெட்டிய அட்டையைத் திருப்பிப் போடாமலே அக்கா இரண்டாவது கையையும் வரைந்திருந்தார். இரண்டும் ஒரே பக்கத்துக் கை.

“அக்கா, நிறுத்துங்க” என்றேன்.

“சும்மா இரு பாமா, வெட்டட்டும்” என்றாள் விக்டோரியா. அவளும் பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

தைத்தும் ஆயிற்று. போட்டுப் பார்த்த அக்கா கையைத் தூக்கினார், முதுகு இழுத்தது.

“இன்னாடி இது, இந்தக் கை பின்னாடி பாக்குது?”

“உன் கைதானே, நீயே கேளுக்கா” என்றாள் விக்டோரியா.

அறை முழுக்கச் சிரிப்பு. அக்கா கையைப் பிரித்தெடுத்து, இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தானே கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அந்தத் தப்பு அவருக்கு வரவில்லை.

நான் விடவில்லை. தெரிந்தே துணியைப் பாழாக்கினாய் என்று சண்டைக்குப் போனேன். அவள் திருப்பிக் கேட்டாள். “நீ எப்பனாச்சும் ரெண்டையும் ஒரே கையா வெட்டிக்கீறியா?”

“இல்லை” என்றேன், பெருமையாகத்தான்.

“அதான், எங்க தப்பாவும்னு உனக்குத் தெரில. நான் எல்லாத் தப்பும் பண்ணிக்கீறேன்.”

அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை. தைப்பது ஒன்று, தைக்க வைப்பது வேறொன்று என்றால், நான் எதில் கெட்டிக்காரி?

ஒருவருக்குக் கை பழகிவிட்டால் அவர் பக்கத்தில் அவள் உட்காரமாட்டாள். எழுந்து அடுத்தவரிடம் போய்விடுவாள். நான் எல்லோர் முதுகுக்குப் பின்னாலும் நிற்பேன். சின்னக் கோணலைக்கூடப் பிடுங்கிப் பிரித்து நானே தைத்துக் கொடுப்பேன். என் அறையில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு தைத்தார்கள். அவள் அறையில் துணியைப் பார்த்துத் தைத்தார்கள்.

இன்று காலையில் கங்கம்மா அக்கா வீட்டுக்குப் போய், வகுப்புக்கு வருவீர்களா என்று கேட்டேன்.

“வர்றோம். ஆனா மொத நாளு நீ ஒண்ணும் சொல்லிக் குடுக்காத. நாங்க தெச்சிக்கினு இருப்போம். முடிச்சிக் காட்டும்போது, நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லு.”

“கோணலாக இருந்தால்?”

“அது அப்பால பாத்துக்கலாம். இத மொதல்ல கத்துக்கோ.”

திரும்பி வரும் வழியில்தான் புரிந்தது. சொல்லிக்கொடுப்பதையும் அதன் கடைசி வேலையான பாராட்டிலிருந்து அக்கா எனக்கு ஆரம்பித்து வைக்கிறார். இதையும் விக்டோரியாவிடம்தான் கற்றிருக்கிறார். போன பிறகும் அவள் எனக்கு முன்னால் நிற்கிறாள். பொறாமைப்படாமல் நான் என்ன செய்வேன்?

இருந்தாலும் உங்கள் முன்னால் உறுதி சொல்கிறேன். அவள் வழியிலேயே வகுப்பை நடத்துவேன். தப்பு வரும்போது என் கையை மடியில் வைத்துக்கொள்வேன். புதிதாக வருகிறவர்களுக்குக் கை வெட்டுவதைக் கங்கம்மா அக்காவே காட்டட்டும். “விக்டோரியாவா இருந்தா” என்று நீங்கள் பேசுவது என் காதில் விழும். விழட்டும்.

திங்கட்கிழமை வாருங்கள். அதற்குள் நான் பழக வேண்டியதை இங்கேயே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

விக்டோரியா, நீ சொல்லிக்கொடுத்தது நல்லா இருந்தது.