கை போற இடம்

— சீட்டுல ஜெயிச்ச பணத்தத் திருப்பிக் குடுக்க எவனாச்சும் கோவாவுல இருந்து சிவகாசிக்கு வருவானா?

— வந்துருக்கேன்ல, சங்கரலிங்கம் அண்ணாச்சி. பை ஒங்க முன்னாலதான இருக்கு.

— மெதுவாப் பேசு. கதவச் சாத்திட்டியா?

— சாத்திட்டேன். ஞாயித்துக்கிழமை, கம்பெனியில வாட்ச்மேனத் தவிர ஒரு ஆளில்ல. எதுக்கு ஒங்களுக்கு இப்படி வேர்க்குது?

— வேர்க்காம என்ன செய்யும்? வீட்டுல கோயம்புத்தூருக்கு வசூலுக்குப் போறதாச் சொல்லிட்டுல்லா கோவாவுக்கு வந்தேன். நாளைக்கு ஆளுகளுக்கு போனஸ் போடணும். அதத்தான் மேசையில வச்சு... ஒன்ன யாரு அனுப்புனா? எம் மச்சினனா?

— யாரும் அனுப்பல. ஒத்த ரூவா கொறையாம இருக்கு, எடுத்துக்கிடுங்க. எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேணும். அம்புட்டுத்தான்.

— என்ன கேள்வி?

— மொதல்ல நீங்க கேளுங்க. மூணு நாளா எங்கிட்ட என்னத்தையோ கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்து வந்து நின்னுச்சே.

— கேக்கத்தான் செய்யுதேன். எப்படிலே கண்டுபிடிச்ச? முப்பது வருசமா இங்கன கிளப்புல ஆடுதேன். நல்ல சீட்டு வந்தாப் பணம் வைக்கணும், வரலேன்னா கவுத்துட்டுச் சும்மா இருக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஆட்டம் அதான். அங்கன வந்து பாத்தா, காதுல வயர மாட்டுன பயலுவ, கையில ஒண்ணுமே இல்லாம ஏத்தி ஏத்திக் கேக்கானுவ.

— இப்ப ஆட்டம் அப்படித்தான். மொத நாளு நீங்க பணத்துல கை வச்சாலே மேசை பூரா சீட்டக் கவுத்துருச்சு. இவரு வச்சா நெசமாத்தான் வச்சுருப்பாருன்னு தெரிஞ்சுபோச்சு.

— அதான் ரெண்டாம் நாளு மாத்துனேன்ல. நானும் ஒண்ணுமில்லாம மிரட்டுனேன். பெங்களூர்ப் பயலுவ பயந்து ஓடுனானுவ. நீ மட்டும் ஓடல.

— நல்லாத்தான் மாத்துனீக. அவனுக கணக்கப் பாப்பானுக. நான் கையப் பாப்பேன்.

— மூணாம் நாளு எடம் மாறி உக்காந்தேன். கூலிங்கிளாஸ் போட்டுப் பாத்தேன்...

— அது ஒங்களுக்கு எடுப்பாத்தான் இருந்துச்சு.

— கேலி பண்ணாத. நான் மிரட்டுனப்பல்லாம் நீ துணிஞ்சு பணம் வச்ச. நெசமாச் சீட்டு வந்தப்பல்லாம் கவுத்துட்ட. பதிமூணு தடவ மிரட்டுனேன். ஒண்ணு தப்பல. சீட்டுல எதும் அடையாளம் வச்சுருந்தியா?

— அடையாளம் ஒங்க கையில இருந்துச்சு. அந்த மேசையச் சுத்திப் பித்தளையில ஒரு விளிம்பு ஓடும், பாத்தீகளா?

— ஆமா.

— சீட்டு இல்லாம மிரட்டுறதுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் அதத் தொட்டீக. உள்ளங்கைய முழுசா வச்சு. சீட்டு நல்லா இருந்தாத் தொடல.

— நானா? சும்மா சொல்லாத.

— இப்பக்கூட வலது கை எதையோ தேடுது. இந்த மேசை மரம். பிரயோசனமில்ல.

— அட சவமே... பட்டாசு மருந்து ரூம்புப் பழக்கம்லா அது.

— அதேதான்.

— உள்ள கால வைக்குமுன்ன வாசல்ல இருக்க செம்புத் தகட்டத் தொடணும். ஒடம்புல இருக்க கரண்டு அது வழியா மண்ணுக்குப் போயிரும். இல்லேன்னா ஒரு பொறி போதும், மருந்து பத்திக்கிடும். சின்ன வயசுல பழகுனது... ஆனா அது பயத்துல தொடுறது தம்பி. பொய்யில தொடுறது இல்ல.

— ஒங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே கைதான் போகுது.

— சரி, இனிமே கைய மடியிலயே வச்சுக்கிடுதேன். ...ஒரு நிமிசம் இரு. கோவாவுல சீட்டாடுற பயலுக்கு மருந்து ரூம்புத் தகடு எப்படித் தெரியும்? பேச்சும் நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கு. நீ யாரு?

— ஒங்களுக்கு மருந்து கலக்கப் பழக்கிவிட்டது யாரு, அண்ணாச்சி?

— ...செல்லச்சாமி.

— நான் அன்பரசன். அவரு மகன். ஏன் எந்திரிக்கீக? உக்காருங்க.

— ஒண்ணுமில்ல. காத்தே இல்ல இங்கன. ஜன்னலத் தொறக்கேன்... வாட்ச்மேன் எங்கன நிக்கான்னும் பாக்கணும்லா. நீ பேசு, நான் இங்கனயே நிக்கேன். அம்மா நல்லா இருக்காளா? மாரித்தாய்தான பேரு?

— ஆலங்குளத்துல இருக்கு. விஸ்வநத்தத்த விட்டுப் போயி பன்னெண்டு வருசமாச்சு. தெருவுல இருக்க விட்டாகளா? எங்கப்பா தகட்டத் தொடாம உள்ள போனதாலதான் வெடிச்சுச்சுன்னு எழுதிட்டாக. கூடச் செத்த மாரிசெல்வி அக்கா வீட்டுல எங்க அம்மா மூஞ்சியில மண்ண வாரித் தூத்துனாக. இன்னைக்கும் அது வெளியில எங்கப்பா பேரச் சொல்லாது.

— நஷ்டஈடு குடுத்தேன்லா தம்பி.

— குடுத்தீக. நான் அதுக்கு வரல. எங்கப்பா வீட்டுல அடுப்புப் பத்தவைக்கணும்னாக்கூட, கதவு நாதாங்கியத் தொட்டுட்டுத்தான் தீப்பெட்டிய எடுப்பாரு. நாங்கள்லாம் சிரிப்போம். அந்த மனுசன் தகட்டத் தொடாமப் போனாருங்கீக.

— ஒரு நாளு மறந்துருக்கும்.

— இல்லேன்னா தொட்டும் பிரயோசனமில்லாமப் போயிருக்கும். தகட்டுல இருந்து மண்ணுக்குப் போற கம்பி அத்துக் கெடந்துருந்தா?

— இப்ப எதுக்கு அதெல்லாம் தம்பி... விசாரணை முடிஞ்சு எம்புட்டு வருசமாச்சு.

— அந்த விசாரணையில அதிகாரி இதத்தான் கேட்டாரு. நான் அம்மாகூட பெஞ்சுல உக்காந்திருந்தேன், பதினாலு வயசு. கம்பி சரியா இருந்துச்சுன்னு சொல்லுறதுக்கு முன்னால, நீங்க இரும்பு நாற்காலிக் கைப்பிடிய அழுத்திப் பிடிச்சீக. எதுக்குன்னு அப்பத் தெரியல. சீட்டாடப் போயி, ஆளுக கையப் பாத்துப் பழகுன பொறவு ஒரு நாளு ஞாபகம் வந்துச்சு. அதுக்கு மேல தூக்கம் இல்ல.

— அதுக்குத்தான் எம் மேசையில வந்து உக்காந்தியா?

— நீங்கதான் எம் மேசைக்கு வந்தீக. நான் ரெண்டு வருசமா அங்கனதான ஆடுதேன். பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுபோச்சு. ஆனா ஒரு தடவ பாத்தத வச்சு ஒரு மனுசன் மேல பழி போடக் கூடாதுல்லா. அதான் மூணு நாளும் எந்திரிக்காமப் பாத்தேன். பதிமூணு தடவ. இப்ப என் கேள்வி. நீங்க என்ன சொன்னாலும் அந்தப் பணம் ஒங்களுக்குத்தான். போலீசுக்கெல்லாம் போகமாட்டேன். எங்க அம்மாகிட்டப் போயிச் சொல்லணும், அம்புட்டுத்தான். அன்னைக்கு அந்தக் கம்பி அறாம இருந்துச்சா, அண்ணாச்சி?

— இருந்துச்சு தம்பி. எம் புள்ள ரோஷினி மேல சத்தியமா இருந்துச்சு. காலையில நானே பாத்தேன். என்னலே அப்படிப் பாக்க?

— ஜன்னல் கம்பியில இருந்து கைய எடுத்துட்டுச் சொல்லுங்க, அண்ணாச்சி.